சிரிஞ்சில் வேண்டாம், பையில் கொடுங்கள்

வின்கிரிஸ்டின் என்று ஒரு புற்றுநோய் மருந்து. ரத்தக்குழாய் வழியாக ரத்தத்தில் மட்டும்தான் ஏற்ற வேண்டும். தவறிப்போய் முதுகுத்தண்டில் போட்டுவிட்டால் பெரும்பாலும் உயிரே போய்விடும். சிக்கல் என்னவென்றால், அதே நோயாளிக்கு முதுகில் போட வேண்டிய வேறொரு மருந்தும் இருக்கலாம். இரண்டும் சிரிஞ்சில், ஒரே தட்டில். களைத்துப்போன ஒரு கை மாற்றி எடுத்தால் முடிந்தது. பல நாடுகளில் இது நடந்திருக்கிறது, குழந்தைகளும் இறந்திருக்கிறார்கள்.

போட்டவரைத் திட்டித் தீர்த்தால் அடுத்த மரணம் நிற்குமா? 2007-ல் உலக சுகாதார நிறுவனம் ஓர் எச்சரிக்கை விட்டது: இந்த மருந்தை சிரிஞ்சில் ஏற்றவே வேண்டாம், சிறிய சலைன் பையில் கலந்து கொடுங்கள். பையைக் கொண்டுபோய் யாரும் முதுகு ஊசியில் மாட்ட மாட்டார்கள், அவ்வளவுதான் விஷயம். இவ்வளவு எளிய மாற்றத்தை எல்லா ஆஸ்பத்திரியும் கட்டாயமாக்க வேண்டும் என்பேன்.

நம் பங்குக்கு ஒன்று செய்யலாம். ஊசி போட வரும்போது "இது என்ன மருந்து, எதற்கு?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல செவிலியர் கோபித்துக்கொள்ள மாட்டார், கையில் கட்டிய பட்டையில் பெயரை இன்னொரு முறை சரிபார்ப்பார்.