கித்தாக் காட்டில் பிளாஸ்டிக் சப்பாத்து

28 செப்டம்பர் 2025, ஞாயிறு

எங்கள் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தீபாவளிக் கடைகள் போட ஆரம்பித்துவிட்டார்கள். முறுக்கு மாவு வாங்கப் போனவள் ஒரு ஜோடி ஜெல்லி சப்பாத்தும் (பிளாஸ்டிக் காலணி) எடுத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பக்கம் தெரிகிற பிளாஸ்டிக், உள்ளே மினுமினுப்புத் தூள், முன்னால் குறுக்கும் நெடுக்குமாக வார், பக்கத்தில் குட்டி பக்கிள். "இது சின்னப் பிள்ளைங்க போடுறது, ஆன்ட்டி" என்றான் கடைப் பையன். என் காலுக்கு அளவு இருக்கா பாரு தம்பி என்றேன். இருந்தது. ஐம்பதைத் தாண்டியாயிற்று, இனி யாருக்கு வெட்கப்பட வேண்டும்?

5 அக்டோபர், ஞாயிறு

ஏன் இந்தப் பைத்தியம் என்று மகள் கேட்டாள். சரி, எழுதியே வைத்துவிடுகிறேன்.

தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வேலைக்குக் கித்தா (ரப்பரை அப்படித்தான் சொல்வோம்), வெளியே கிளம்ப பிளாஸ்டிக். அம்மா கித்தா மரத்தில் பால் வெட்டப் போகும்போது கறுப்புக் கித்தாச் சப்பாத்து போடுவார். ஒரே வார்ப்பு, அடியில் பந்தாட்டச் சப்பாத்துக்கு உள்ள அதே முட்கள். ஈரச் சரிவில் வழுக்காது. இப்போது அதற்கு 'அடிடாஸ் கம்போங்' (கிராமத்து அடிடாஸ்) என்று கேலிப் பெயர் வைத்து, மலையேறுகிறவர்களும் காட்டு ஓட்டக்காரர்களும் வாங்குகிறார்கள். நல்ல சப்பாத்துதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் பால் சிந்திக் காய்ந்து ஒட்டுப்பால் நாற்றம் பிடித்த அந்தச் சப்பாத்துக்கு வாசலுக்கு வெளியேதான் இடம். பிளாஸ்டிக் சப்பாத்து அலமாரி மேல், தாளில் சுற்றி இருக்கும்.

ஊரைச் சுற்றி கித்தா மரம். எங்களுக்கோ கித்தா என்றால் விடியுமுன் இருட்டில் பேர் கூப்பிடும் பெரட்டு, கொசுக்கடி, பால் பிடிக்கும் மங்கு கழுவுவது. பிளாஸ்டிக் என்றால் திருவிழா, சம்பள நாள், பட்டணத்தில் ஐஸ் கச்சாங். எங்கள் கையால் எடுத்த ரப்பரை எங்கள் காலே மதிக்கவில்லை. இயற்கைப் பொருள்தான் உயர்ந்தது என்று இன்று சொல்கிறவர்கள் ஒரு மாதம் நிரை பிடித்து, வரிசை வரிசையாகப் பால் மரம் வெட்டிப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

வார் அறுந்தால் தூக்கிப் போட மாட்டோம். தேய்ந்துபோன பால் கத்தியை அம்மா மண்ணெண்ணெய் அடுப்பில் காய்ச்சுவார். அறுந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே சூட்டுக் கத்தியை வைத்தால் இரண்டும் இளகும். கத்தியை உருவிவிட்டு உடனே அழுத்திப் பிடிக்க வேண்டும். மூக்கை எரிக்கிற புகை வரும், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்வார். ஆறியதும் அந்த இடத்தில் பழுப்பாக ஒரு தடிப்பு. நடக்கும்போது கணுக்காலில் உரசும், ஆனாலும் வார் நிற்கும். கித்தாச் சப்பாத்தில் இந்த வித்தை நடக்காது. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் மறுபடி உருகாது, கருகும்.

8 அக்டோபர், புதன்

சாயங்கால மழையில் புதுச் சப்பாத்தோடு கடைக்குப் போய் வந்தேன். தண்ணீர் உள்ளே வந்த வழியிலேயே வெளியே போகிறது. கால் வழுக்குகிறது, அடிக்கு அடி 'சர்க் சர்க்'. வார்ப்பில் மிஞ்சிய ஓரம் குதிகாலை அறுத்துவிட்டது, நகவெட்டியால் சீவி எடுத்தேன். இதை வசதியான சப்பாத்து என்று நான் சொல்லவே மாட்டேன். அழகு, அவ்வளவுதான்.

12 அக்டோபர், ஞாயிறு

கோலாலம்பூரில் இருக்கும் அண்ணன் மகள் படம் அனுப்பினாள்: பேரங்காடியில் மெலிசா என்ற பிராண்டு சப்பாத்து, முந்நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். "அத்தை, உங்க சப்பாத்துதானே இது?"

அதேதான். மெலிசாவைச் செய்யும் பிரேசிலின் கிரென்டெனே நிறுவனம் 1971-இல் தொடங்கியபோது சப்பாத்தே செய்யவில்லை. பெரிய வைன் புட்டிகளுக்கு பிளாஸ்டிக் கூடை செய்தது. 1979-இல்தான் முதல் மெலிசா வந்தது, பிரெஞ்சுக் கடற்கரை மீனவர்களின் சப்பாத்தைப் பார்த்து. அந்தப் பிரெஞ்சு பிளாஸ்டிக் சப்பாத்து 1946-இல் ழான் தோஃபான் என்பவர் செய்தது. போர் முடிந்த சமயம், தோலுக்குத் தட்டுப்பாடு.

இன்னும் பின்னால் போனால் எனக்குச் சிரிப்பு வருகிறது. இந்தச் சப்பாத்துக்கான பிளாஸ்டிக், பி.வி.சி.; அதை முதலில் மெத்தென்று ஆக்கியவர் வால்டோ செமன், 1926-இல், அமெரிக்காவின் குட்ரிச் டயர் கம்பெனியில். அவர் தேடியது ரப்பரை இரும்போடு ஒட்டவைக்கும் பசை. கிடைத்தது துள்ளுகிற பிளாஸ்டிக். கித்தாவுக்கு வேலை செய்யப் போன மனிதர் கித்தாவுக்கே போட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

16 அக்டோபர், வியாழன்

தீபாவளிக்கு வீடு கழுவும்போது மகளின் சின்ன வயது ஜோடி கிடைத்தது. மேலே பிசுபிசுப்பு, உள்ளே கட்டை. மடக்கியதும் பட்டென்று வெடித்தது. பி.வி.சி. பிறவியிலேயே விறைப்பானது, தண்ணீர்க் குழாயும் அதுதான். அதில் எண்ணெய்ப் பதமான மென்மையாக்கியைக் கலந்தால்தான் சப்பாத்துக்கு ஆகும். வருஷம் போகப் போக அது மெல்லக் கசிந்து வெளியேறும், நம் ஊர் வெக்கையில் சீக்கிரமாகவே. அந்த மென்மையாக்கிகளில் தாலேட் வகை சிலவற்றைப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களில் ஐரோப்பாவில் தடுத்திருக்கிறார்கள். பேத்திக்கு வாங்குவதானால் விசாரித்துத்தான் வாங்குவேன். எனக்கு? பரவாயில்லை.

20 அக்டோபர், திங்கள், தீபாவளி

அண்ணன் வீட்டுக்கு இதைப் போட்டுக்கொண்டே போனேன். அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஏன்டி, பொடவைக்கு இதுவா?" ஒன்றைக் கழற்றச் சொல்லி, வாரை இழுத்துப் பார்த்தார், பக்கிளைத் திருப்பிப் பார்த்தார். பால் மரம் வெட்டிய கைக்கு இன்னும் பிடி இருக்கிறது.

"இது துருப்பிடிக்கும். எவ்வளவு கொடுத்த?"

"பதினஞ்சு வெள்ளி."

"பத்துக்குக் கேட்டிருந்தா கொடுத்திருப்பான்."

அண்ணிக்கு நீலத்தில் ஒரு ஜோடி வேண்டுமாம், மினுமினுப்பு இல்லாமல்.