ட்வெல்த் பிள்ளைகளே, நவம்பரில் யாரிடம் ஒப்படைக்கப் போகிறீர்கள்?

ஜூலை வந்தால் டெல்லிப் பள்ளிகளில் பதவியேற்பு விழா சீசன். ஹெட் பாய், ஹெட் கேர்ள், ஹவுஸ் கேப்டன், வைஸ் கேப்டன் என்று வரிசையாக மேடையேறி, தோளில் சாஷும் சட்டையில் பேட்ஜுமாக உறுதிமொழி எடுப்பார்கள், அன்று முழுக்க எங்கள் ஆர்.கே.புரம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் அந்தப் படங்கள்தான் ஓடும். பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். மறுநாளே பேட்ஜ் கிடைக்காத ஒரு பிள்ளை வந்து, "ஆன்ட்டி, இனிமே லீடர்ஷிப்னு காட்ட எங்கிட்ட ஒண்ணுமே இல்லையே" என்று நிற்கும். வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் இப்படி வந்துவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பேட்ஜ் கிடைத்தவர்களும் படிக்கலாம், அவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

முதலில் நேரக் கணக்கு. ஏப்ரலில் ட்வெல்த் தொடங்குகிறது. மே நடுவிலிருந்து ஜூன் முடிய லீவு. செப்டம்பரில் அரையாண்டு, டிசம்பர் வாக்கில் ப்ரீ போர்டு, ஜனவரியில் பிராக்டிகல், பிப்ரவரி நடுவில் போர்டு எக்ஸாம், அது முடிந்த கையோடு சி.யு.இ.டி. என்ற பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு. ஆக, வேறொரு காரியத்துக்கு உருப்படியாகக் கொடுக்க முடிந்த காலம் ஏப்ரலிலிருந்து நவம்பர் தொடக்கம் வரைதான், அதிலும் வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம். இவ்வளவு நேரத்தை வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றைத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். காவலாளிகளின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, பழைய பாடப்புத்தகம் சேகரிக்கும் அலமாரி, பேட்டரிக் கழிவுக்கு ஒரு பெட்டி என்று எல்லாம் ஆசையாக ஆரம்பிப்பார்கள், பெயர் வைப்பார்கள், இன்ஸ்டாகிராம் பக்கம்கூட வந்துவிடும். டிசம்பரில் எல்லாம் நின்றுபோகும். அடுத்த ஏப்ரலில் அடுத்த பேட்ச் அதையே வேறு பெயரில் முதலிலிருந்து தொடங்கும். நடுவில் அந்த மாலை வகுப்புக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்த குழந்தையிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. எனக்கு மனசு கேட்காத இடம் அதுதான்.

அதனால் நான் சொல்வது இவ்வளவுதான்: சின்னதாக ஒரு பொறுப்பை எடுங்கள், வாராவாரம் செய்யுங்கள், நவம்பருக்குள் அதை ஒரு பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் முறையாக ஒப்படையுங்கள். கடைசி வருஷத்துப் பிள்ளையின் தலைமைப் பண்பு என்று என்னிடம் கேட்டால் அந்த ஒப்படைப்பைத்தான் சொல்வேன்.

"இதெல்லாம் அட்மிஷனுக்கு உதவுமா?" என்பது பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். டெல்லி பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்பின் பெரும்பாலான இடங்களுக்கு சி.யு.இ.டி. மதிப்பெண்தான் பேசும். பாடம் சாராத செயல்பாடுகளுக்கென்று இருக்கும் தனி ஒதுக்கீட்டில் என்.சி.சி., என்.எஸ்.எஸ். இரண்டுக்கும் இடம் உண்டு, ஆனால் சான்றிதழ் ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். என்.சி.சி.யில் ‘ஏ’ சான்றிதழுக்கே இரண்டு வருஷப் பயிற்சி. 1969ல் காந்தி நூற்றாண்டையொட்டித் தொடங்கிய என்.எஸ்.எஸ்.ஸிலும் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் என்பது கணக்கு. ட்வெல்த்தில் புதிதாகச் சேர்ந்து சான்றிதழோடு வெளியே வருவது நடக்காத காரியம். ஏற்கெனவே உள்ளே இருந்தால் விட்டுவிடாமல் முடியுங்கள். இல்லையென்றால் சான்றிதழ்க் கணக்கையே ஓரமாக வைத்துவிடுங்கள், எதைச் செய்வது என்று யோசிக்க மனசு லேசாகிவிடும்.

இன்னொன்று, சி.பி.எஸ்.இ.யே 9 முதல் 12 வரை உடற்கல்விப் பாடத்துக்குள் ‘சேவா’ என்று ஒரு பகுதி வைத்திருக்கிறது. பல வீடுகளில் அது ஒரே இரவில் படம் ஒட்டி முடிக்கும் ஃபைலாகிவிட்டது. நீங்கள் வெளியில் உண்மையாகச் செய்யும் வேலையையே அந்த ஃபைலில் எழுத முடியுமா என்று ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள், ஒரே நேரத்தில் இரண்டு காரியமும் முடியும்.

சரி, என்ன செய்யலாம்?

நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது தேர்வு எழுதிக் கொடுக்கும் வேலையை. டெல்லி பல்கலைக்கழகக் கல்லூரிகளில் பார்வையற்ற மாணவர்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள். தேர்வில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுத ஒருவர் வேண்டும், ஸ்கிரைப் என்பார்கள். எழுதிக் கொடுப்பவரின் படிப்பு தேர்வு எழுதுகிறவரின் படிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று விதி இருப்பதால், கல்லூரி மாணவருக்குப் பள்ளிப் பிள்ளைகளைத் தேடுவார்கள். தேடிக் கிடைக்காமல் கடைசி நேரத்தில் அல்லாடுவதும் நடக்கிறது. மே, ஜூன் செமஸ்டர் தேர்வுகள் சரியாக உங்கள் லீவில் வரும். எந்த வகுப்பு வரை ஏற்பார்கள், என்ன அடையாள அட்டை வேண்டும் என்பதையெல்லாம் அந்தக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்தின் சம வாய்ப்புப் பிரிவிலோ முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், விதிகள் அவ்வப்போது மாறும்.

எழுத உட்காரும்போது என்ன நடக்கும் என்று சொல்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிஷம் கூடுதலாகக் கொடுப்பார்கள், அதாவது 3 மணி நேரத் தேர்வு 4 மணி நேரம். முதலில் வினாத்தாள் முழுவதையும், மார்க்கோடு சேர்த்து, நிறுத்தி நிதானமாக இரண்டு முறை படித்துக் காட்ட வேண்டும். எதை முதலில் எழுதுவது என்று அவர் முடிவு செய்வார். பிறகு அவர் சொல்வார், நீங்கள் எழுதுவீர்கள், அவர் சொன்னதை மட்டும். ஒரு வருஷம் தப்பாகச் சொல்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்தாலும் அப்படியே எழுத வேண்டும், முகம் சுளித்தாலும் அவருக்குத் தெரியாது, ஆனால் "ம்ம்ம்?" என்று ஒரு இழுப்பு இழுத்தால் தெரிந்துவிடும், அதைக்கூடச் செய்யக் கூடாது. நடுவில் அவர் பேச்சை நிறுத்திவிட்டு யோசிப்பார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் சும்மா இருக்க வேண்டும். கேட்டால் கடைசி பத்தியைத் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். எதையும் சட்டென்று தானே கையில் எடுத்துச் செய்து முடித்துப் பழகிய கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு இந்த 4 மணி நேரம் ரொம்பக் கஷ்டம், அவர்களுக்குத்தான் இது ரொம்பவும் தேவை என்று நினைக்கிறேன். இன்னொருவரின் காரியம் அவருடைய முடிவின்படி நடக்க நாம் துணையாக இருப்பது எந்த மேடையிலும் கற்றுக்கொடுக்கிற விஷயமில்லை. ஒரு எச்சரிக்கை: பலர் ஹிந்தியில் பதில் சொல்வார்கள். பேச்சு ஹிந்தி நன்றாக வரும், எழுதினால் மாத்திரை (உயிர்க்குறிகள்) தப்பும் என்றால் முதலிலேயே சொல்லி ஒதுங்கிவிடுங்கள், ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு எழுதிக் கொடுங்கள். அவருடைய மார்க் அது.

அடுத்தது, நம் ஆட்கள். 2025 ஜூன் 1ஆம் தேதி ஜங்புராவில் பாராபுல்லா கால்வாய் ஓரம் இருந்த மதராசி கேம்ப்பை இடித்தார்கள், நீதிமன்ற உத்தரவுப்படி. தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழ்க் குடும்பங்கள், 370 வீடுகள். அதில் 189 குடும்பங்களுக்குத்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள், அதுவும் டெல்லியின் வடக்கு ஓரத்தில் உள்ள நரேலாவில். அங்கிருந்த பிள்ளைகள் பலர் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். நரேலாவுக்கும் லோதி எஸ்டேட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று டெல்லியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு வேலைக்குப் போன அம்மாக்களுக்கு வேலையும் தூரம், பிள்ளைகளுக்குப் பள்ளியும் தூரம்.

இங்கே ஒரு ட்வெல்த் பிள்ளை என்ன செய்ய முடியும் என்று கேட்காதீர்கள். அந்த அம்மாக்கள் ஹிந்தி சரளமாகப் பேசுவார்கள், வாசிக்க வராது. வீடு மாறினால் ஆதார் முகவரி, ரேஷன் கார்டு, பேங்க், முதியோர் பென்ஷன், பள்ளி டி.சி. என்று எல்லாவற்றுக்கும் ஒரு காகிதம். உங்களுக்குத் தமிழும் வரும், ஹிந்தி படிவத்தைப் படிக்கவும் வரும், போனில் அப்லோடு செய்யவும் வரும், இந்த மூன்றும் சேர்ந்த ஆள் டெல்லியில் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரு பாட்டி பிளாஸ்டிக் பைக்குள் இன்னொரு பிளாஸ்டிக் பை போட்டுச் சுற்றிவைத்திருக்கும் காகிதங்களை எடுத்து, எது ஒரிஜினல், எது ஜெராக்ஸ், எதில் பெயர் எழுத்து மாறியிருக்கிறது என்று பிரித்துக் கொடுத்தாலே பெரிய உதவி. மாரியம்மாள் ஒரு அட்டையில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருப்பார், அந்த ஒரு எழுத்துக்காகப் பென்ஷன் நிற்கும். ஒன்று மட்டும் கண்டிப்பு: யாருடைய ஆதாரையும் உங்கள் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள், ஓ.டி.பி. கேட்டால் அவர்களே பார்த்துச் சொல்லட்டும், வேலை முடிந்ததும் காகிதத்தை எண்ணித் திருப்பிக் கொடுங்கள்.

தொலைவாகப் போக வீட்டில் விடமாட்டார்கள் என்றால் பங்களா சாஹிப் குருத்வாராவுக்குப் போங்கள். பேட்ஜ் கிடைத்தவர்களை நான் முதலில் அனுப்புவதும் அங்கேதான். தலையை மூடிக்கொண்டு, கையைக் கழுவிக்கொண்டு, எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் லங்கர் சமையல்கூடத்துக்குள் போனால் பெயர் கேட்க மாட்டார்கள், ஊர் கேட்க மாட்டார்கள். ரொட்டிக்கு மாவு உருட்டலாம், பாத்திரம் தேய்க்கலாம், வாசலில் செருப்பு வாங்கி வைக்கலாம், பந்தியில் ரொட்டி பரிமாறலாம். சாப்பிட உட்கார்ந்தவர் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி வாங்குவார், நீங்கள் குனிந்துதான் கொடுக்க வேண்டும். வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், அங்கே வேலை வாங்கும் பெரியவர் சொன்னதைச் செய்ய வேண்டும், ஹவுஸ் கேப்டன் என்பதெல்லாம் செல்லாது. நம் ஆர்.கே.புரம் முருகன் கோயிலான மலை மந்திரிலும் கந்த சஷ்டிக் கூட்டத்தில் வரிசையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படும், முன்கூட்டியே கேட்டுவைக்கலாம்.

ரத்த தானம் 18 வயசு ஆனால்தான் முடியும், உங்களில் பலருக்கு ஆகியிருக்காது, முகாமில் பெயர் பதிவதற்கும் கொடுத்து முடித்தவரை உட்காரவைத்து ஜூஸ் கொடுப்பதற்கும் வயசு தடை இல்லை. வாக்காளர் பட்டியலுக்கு 17 வயசு முடிந்தாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1ஆம் தேதிகளில் எதில் 18 நிறைகிறதோ அதற்கேற்பப் பெயர் சேரும். உங்கள் வகுப்பில் எல்லோரையும் படிவம் 6 நிரப்பவைப்பது ஒரே வாரத்தில் முடிகிற வேலை, பேட்ஜ் இல்லாத ஒருவர் தாராளமாக முன்னின்று நடத்தலாம்.

பெற்றோருக்கு: பிள்ளையைத் தனியாக அனுப்ப வேண்டாம், இரண்டு பேராகப் போகட்டும். போகிற இடத்தில் பொறுப்பான பெரியவர் யார், அவர் நம்பர் என்ன என்று கேளுங்கள், சொல்லத் தயங்கினால் அந்த இடம் வேண்டாம். பிள்ளைகளிடமிருந்து பதிவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தருகிற ‘இன்டர்ன்ஷிப்’ எதற்கும் பணம் கட்டாதீர்கள். மார்க் குறைந்துவிடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது, அதனால்தான் வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் நான் யாரையும் கேட்பதில்லை.

இனி ஒப்படைப்பு. ஒரு சாதாரண நோட்டு போதும். முதல் பக்கத்தில் யார் யாரைப் பார்க்கிறோம், என்ன கிழமை, எத்தனை மணி. அடுத்து போன் நம்பர்கள், காவலாளி பையாவின் நம்பர் உட்பட, கேட் திறக்க அவர்தான் வேண்டும். எந்த பஸ், எந்த மெட்ரோ ஸ்டேஷனில் இறங்க வேண்டும். மாலை வகுப்பு என்றால் ஒவ்வொரு குழந்தையும் எந்தப் பாடத்தில் எங்கே நிற்கிறது என்று ஒரு வரி, "ரெண்டாம் வாய்ப்பாடு தெரியும், கழித்தலில் கடன் வாங்கத் தெரியாது" என்ற அளவுக்குத் துல்லியமாக. எது சரிப்பட்டு வரவில்லை என்பதையும் எழுதுங்கள், உங்களுக்கு அடுத்து வருபவருக்கு அதுதான் மிகவும் பயன்படும். செப்டம்பர் தேர்வு முடிந்ததும் பதினொன்றாம் வகுப்பிலிருந்து ஒருவரை, முடிந்தால் இருவரை, உங்களோடு கூட்டிப்போகத் தொடங்குங்கள். முதல் வாரம் அவர் பார்க்கட்டும், இரண்டாம் வாரம் சேர்ந்து செய்யுங்கள், மூன்றாம் வாரம் அவர் செய்ய நீங்கள் பின்னால் உட்காருங்கள், வாயைத் திறக்காமல். அதன் பிறகு அந்தக் குழந்தைகளிடமும் பாட்டிகளிடமும் நேரில் சொல்லிவிடுங்கள், அடுத்த வாரத்திலிருந்து இந்த அக்கா வருவாள், இந்தத் தம்பி வருவான் என்று.

இதைத் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறோடு முடித்துவிடுவது நல்லது. தீபாவளிக்குப் பிறகு டெல்லிக் காற்று எப்படி ஆகும் என்று தெரியும், எந்த நேரத்திலும் பள்ளிகள் ஆன்லைனுக்குப் போய்விடும், அதற்கப்புறம் பதினொன்றும் பன்னிரண்டும் ஒரே இடத்தில் சந்திப்பது ப்ரீ போர்டு முடியும்வரை நடக்காது.