தூதன் மட்டும் போதுமா?

எகிப்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேல் ஜனங்களின் பயணத்தைச் சொல்லும் வேதாகமப் புத்தகமான யாத்திராகமம் 23-ல் ஒரு வாக்கு: வழியில் காக்கவும், ஆயத்தம்பண்ணின இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கவும் கர்த்தர் ஒரு தூதனை முன்னே அனுப்புகிறார். சரி, ஆறுதலாக இருக்கிறது. அப்புறம் 33-ஆம் அதிகாரம் வருகிறது. ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்து வணங்கிய விவகாரம் நடந்த கையோடு, தூதனை அனுப்புகிறேன், ஆனால் நான் உங்கள் நடுவே வரமாட்டேன் என்கிறார். தூதன் உண்டு, தேசம் உண்டு, பாலும் தேனும் உண்டு. ஜனங்களோ அதைத் துக்கச் செய்தியாகக் கேட்டு ஆபரணங்களைக் கழற்றிவிட்டார்கள்.

இத்தனை வருடமாக இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். நான் ஜெபத்தில் கேட்பதெல்லாம் அந்தத் தூதனைத்தான்: வழி திறக்கணும், தடை விலகணும். அந்த ஜனங்களை நடத்திவந்த மோசேயோ கர்த்தரிடம், உம்முடைய சமுகம், அதாவது நீரே, கூட வராவிட்டால் எங்களை இங்கிருந்து கொண்டுபோகவே வேண்டாம் என்கிறார். அதுவும் வனாந்தரத்தில் நின்றுகொண்டு!

அதற்காகத் தூதனைக் குறைத்துச் சொல்லவில்லை. செத்தால் போதும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட எலியா தீர்க்கதரிசியிடம் வந்த தூதன் பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் தரமும் வந்து தட்டினான்.