வாசல்வரை அம்மா

2025 ஜூன் 1, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு, எங்கள் சபையில், மார்மன் சபை என்பார்களே அதில், உபவாச நாள். இரண்டு வேளை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து, அந்தச் சாப்பாட்டுச் செலவை இல்லாதவர்களுக்கென்று கொடுத்துவிடுவோம். என் கல்யாணத்துக்காக அம்மா மதுரையிலிருந்து அமெரிக்காவின் யூட்டா வந்து நான்கு நாளாகிறது. "கார்த்திகை சோமவாரம் இருடின்னா மூஞ்சியைத் தூக்குவ. இப்ப இப்படி இருக்கியே!" என்றாள். கோபமில்லை, ஆச்சரியம்தான்.

ஜூன் 4, புதன்

சால்ட் லேக் சிட்டி கோயிலை வெளியிலிருந்து காட்டினேன். நிலநடுக்கத்தைத் தாங்கும்படி அஸ்திவாரத்தைப் பலப்படுத்துவதற்காக 2019 டிசம்பர் கடைசியில் மூடியது. 1853-ல் தொடங்கி 1893-ல்தான் கட்டி முடித்தார்கள். அதற்கான கல்லை மலையிலிருந்து முதலில் மாட்டுவண்டியில்தான் இழுத்து வந்தார்கள் என்றேன். அம்மாவுக்கு அந்த நிமிடமே கோயில் பிடித்துப்போனது. "இழுத்த மாட்டுக்கும் புண்ணியம்தான்" என்று கும்பிட்டாள்.

ஜூன் 9, திங்கள்

இன்று நடந்ததை மறக்கமாட்டேன். 1833-ல் எங்கள் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்துக்குக் கிடைத்த வெளிப்பாட்டின்படி நாங்கள் காபி, டீ தொடுவதில்லை. அத்தை பிறந்ததிலிருந்தே இந்தச் சபை. அப்படிப்பட்டவர், சம்பந்தி வந்திருக்கிறாரே என்று கடைக்குப் போய், எந்தப் பொடி நல்லது என்று அங்கிருந்த பையனிடம் கேட்டு, இரண்டு பாக்கெட் வாங்கி வந்திருக்கிறார். அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளை ஃபில்டரில் டிகாக்ஷன் இறங்கியது. ஆறு வருஷத்தில் முதல்முறையாக இங்கே எங்கள் வீட்டு வாசனை. நான் குடிக்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்ததை இன்று சொல்லிவிட்டேன். கோயிலுக்குள் நடக்கும் முத்திரித்தலுக்கு, அதாவது கணவன் மனைவியை நித்தியத்துக்கும் இணைக்கும் சடங்குக்கு, உள்ளூர்ச் சபையின் தலைவரான பிஷப்பிடமும் பல சபைகளைச் சேர்த்துப் பார்க்கும் ஸ்டேக் தலைவரிடமும் நேர்காணல் முடித்து அனுமதிச் சீட்டு வாங்கியவர்கள்தான் வரலாம். பெற்ற தாயானாலும் சபைக்கு வெளியே இருப்பவருக்கு அனுமதியில்லை. முன்பெல்லாம் இந்த நாட்டில் கோயிலுக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டால் முத்திரித்தலுக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். 2019 மே மாதம் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அதனால்தான் வெள்ளிக்கிழமை அம்மா கண்முன் கல்யாணம், மறுநாள் கோயில்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போன டிசம்பர்ல நம்ம ஊர் கோயில்ல மாப்பிள்ளையை சன்னிதிக்கு வெளியில நிறுத்தினாங்களே, அப்ப நீயும் அவரோடயே நின்ன" என்றாள். உண்மைதான். ஞானஸ்நானம் எடுத்தவள் நான். பொய் சொல்லி உள்ளே போக மனம் வரவில்லை. அன்று அம்மா மட்டும் போய்க் குங்குமத்தோடு திரும்பி வந்தாள்.

இந்த நம்பிக்கையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் இந்த ஒரு விதி எனக்கு வலிக்கிறது. வலிக்கிறது என்று சொல்வதால் என் விசுவாசம் குறைந்துவிடாது.

ஜூன் 20, வெள்ளி

சபைக் கட்டடத்துக் கூடத்தில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே கல்யாணம். பிஷப் நடத்திவைத்தார். முடிந்ததும் தாலி. மூன்றாம் முடிச்சுக்கு அவன் தடுமாற, அம்மா எட்டிப் பிடித்துக்கொடுத்தாள்.

ஜூன் 21, சனி

பவுண்டிஃபுல் ஊரின் மலைச்சரிவில் இருக்கும் கோயில். அம்மா பட்டுப்புடவையோடு பூச்செடிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். துணைக்கு என் நாத்தனாரின் சின்னப் பிள்ளைகள். உள்ளே பலிபீடத்தின் இருபுறமும் நாங்கள் மண்டியிட்டோம். காலத்துக்கு மட்டுமில்லை, நித்தியத்துக்கும் சேர்த்து. எதிரெதிர்ச் சுவர்களில் கண்ணாடி. எங்கள் உருவம் ஒன்றுக்குள் ஒன்றாக முடிவில்லாமல் போய்க்கொண்டே இருந்தது.

வெளியே வந்ததும் அம்மா என் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

ஜூன் 23, திங்கள்

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே கேட்டாள். "அந்தக் கண்ணாடியில எல்லாரும் தெரிவாங்களா?"

அங்கே நிற்பவர்கள் தெரிவார்கள் என்றேன்.

சால்ட் லேக் கோயிலை மறுபடி பிரதிஷ்டை செய்வதற்கு முன், 2027 ஏப்ரலிலிருந்து அக்டோபர்வரை யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம், அங்கேயும் முத்திரிக்கும் அறைகள் உண்டு என்று சொன்னேன். அம்மா விரல்விட்டு மாதங்களை எண்ணினாள்.

"சித்திரைத் திருவிழாவை விட முடியாது. மீனாட்சி கல்யாணம் பார்த்துட்டு வரேன். டிக்கெட்டை அதுக்கப்புறமா போடு."