வாடையைக் கேட்டால் வடை

2025 டிசம்பர் 3, புதன்

இரண்டு நாளாகக் கடலுக்குப் போக மீன்வளத்துறை டோக்கன் தரவில்லை. படகெல்லாம் கரையில். கடலுக்குப் போகாத நாளில்தான் தங்கச்சிமடத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு ஆள் வரும். மழையும் சேர்ந்துகொண்டால் அதுவும் இல்லை. சும்மா உட்கார்ந்து நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. அதற்கான விதிகள் போன மாதம் 14ஆம் தேதிதான் அரசிதழில் வந்தன. ‘என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய், காட்டு, வேண்டாததை அழி’ என்று ஒரு நிறுவனத்தைக் கேட்கும் உரிமை அதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பகுதி நடைமுறைக்கு வர விதிகள் வெளியானதிலிருந்து 18 மாதம் என்று போட்டிருக்கிறார்கள். அதாவது 2027 மே. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இந்த உரிமை முன்பே உண்டு; இப்போதைய சட்டம் 2018 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. கேட்டால் பொதுவாக ஒரு மாதத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

சில பெரிய நிறுவனங்கள் சட்டம் வரும்வரை காத்திராமல் எல்லா நாட்டுக்காரர்களும் தங்கள் தரவை இறக்கிக்கொள்ள ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. கூகுளில் அதற்கு டேக்அவுட் என்று பெயர். எல்லாவற்றுக்கும் டிக் போட்டு அனுப்பிவிட்டேன். தயாரானதும் மெயில் வருமாம்.

டிசம்பர் 5, வெள்ளி

வந்துவிட்டது. 11 ஜிபி, 2 ஜிபி வீதம் ஆறு ஜிப் கோப்புகள். ஒரு வாரத்துக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும், பிறகு இணைப்பு செத்துவிடும். கடை நெட்டில் நான்கு இறங்குவதற்குள் கரண்ட் போய்விட்டது. மிச்சத்தை ராத்திரி இறக்கினேன்.

2011இல் மாக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற ஆஸ்திரியச் சட்ட மாணவர் ஃபேஸ்புக்கிடம் தன் தரவைக் கேட்டு வாங்கினார். 1,222 பக்கம். அவர் நீக்கியதாக நினைத்த செய்திகளும் அதில் இருந்தன. என்னுடையதை அச்சடித்தால் எத்தனை பக்கம் வருமோ! ஒரு பக்கம் இரண்டு ரூபாய் என்று என் கடை ரேட்டில் மனசு கணக்குப் போட ஆரம்பித்தது, நிறுத்திக்கொண்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

பூசை முடிந்து வந்து ‘எனது செயல்பாடு’ ஃபோல்டரைத் திறந்தேன். தேடியது, பார்த்தது எல்லாம் தேதி, மணியோடு. அதற்குள் எம்பி3 கோப்புகளும் கிடந்தன. நான் வாயால் பேசித் தேடுகிற ஆளே இல்லையே என்று ஒன்றை ஓட விட்டேன்.

அப்பாவின் குரல்.

அப்புறம்தான் விளங்கியது. 2018இல் அவருக்கு டச் போன் வாங்கிக் கொடுத்தபோது, தனிக் கணக்கு தொடங்கச் சோம்பல்பட்டு என் கணக்கையே போட்டுக் கொடுத்திருந்தேன். தமிழில் பேசித் தேடும் வசதி அதற்கு முந்தின வருஷம்தான் வந்திருந்தது. எழுத்துக் கூட்டப் பிடிக்காத மனுஷருக்கு அது தோதாக இருந்திருக்கிறது. ஆக, ‘என் தரவு’ என்று நான் வாங்கியதில் பாதி அவருடையது.

சாப்பிட்டு முடித்ததும் அவருக்குப் போட்டுக் காட்டினேன். “இன்னைக்கு வாடை குறையுமா?” என்று அதட்டுகிற குரல், பின்னால் கடல் இரைச்சல். பக்கத்தில் கூகுள் எழுதி வைத்திருந்தது: ‘இன்னைக்கு வடை குறையுமா’. அம்மா சிரித்துப் புரையேறிவிட்டாள். “நான் எப்படா வடையக் கேட்டேன்?” என்று அப்பாவுக்குக் கோபம். வாடைக் காற்றைப் பற்றி ஒன்பது தடவை கேட்டிருக்கிறார். அஞ்சு தடவை வடை.

டிசம்பர் 9, செவ்வாய்

மிச்சத்தையும் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

2019 அக்டோபரில் ஒரு நாள், ராத்திரி 2.40. மெல்லிய குரல், பக்கத்தில் யாரோ தூங்குகிறார்கள் என்று தெரிகிற குரல். “இடது பக்கம் நெஞ்சு வலிச்சா என்ன செய்யணும்.” இரண்டு நிமிஷம் கழித்து அதே கேள்வி. அப்புறம் மூன்றாவது தடவை, கொஞ்சம் சத்தமாக. இந்தத் தடவை எழுத்துப் பிழையே இல்லை.

ஆறு வருஷமாக எங்கள் யாருக்கும் தெரியாது.

டிசம்பர் 10, புதன்

படகுத் துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. ஊசியில் நைலான் நூலைக் கோத்து, கிழிந்த கண்ணியை முடிந்து, பல்லால் கடித்து அறுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“வாயுடா. விடிஞ்சதும் சரியாப் போச்சு. அதுகிட்டதான கேட்டேன், அது ஏன் உன்கிட்ட சொல்லுது?”

அது சொல்லவில்லை, நான்தான் கேட்டு வாங்கினேன் என்றேன். வாங்கினவனே அழிச்சிரு, உங்கம்மா காதுக்குப் போகக்கூடாது என்றார்.

டிசம்பர் 12, வெள்ளி

இடையில் இன்னொரு வேலை. ஒரு ஆன்லைன் விற்பனை நிறுவனத்துக்கும் மெயில் போட்டிருந்தேன்: நாலு வருஷமாக நான் எதுவும் வாங்கவில்லை, பழைய முகவரிகளையும் நம்பரையும் நீக்குங்கள் என்று. உடனே புகார் எண் வந்தது. இன்று, ‘தங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது’ என்று இன்னொரு மெயில். உள்ளே போய்ப் பார்த்தால் முகவரி அப்படியே இருக்கிறது. என்னத்தைத் தீர்த்தார்களோ.

புதிய விதிகளில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. இந்தியாவில் 2 கோடிப் பேராவது பதிவுசெய்த விற்பனைத் தளமோ சமூக ஊடகமோ, ஒருவர் மூன்று வருஷம் எட்டிப் பார்க்கவில்லை என்றால் அவர் தரவை நீக்க வேண்டும்; 48 மணி நேரம் முன்பே தகவலும் சொல்ல வேண்டும். இதுவும் 2027க்குத்தான். நிறுவனத்துக்கு அபராதம் அதிகபட்சம் 250 கோடி. பொய்ப் புகார் கொடுத்தால் நமக்கு 10,000 ரூபாய் வரை. அந்தக் கடைசி வரியை மட்டும் எனக்கே இரண்டு தடவை படிக்கத் தோன்றியது.

டிசம்பர் 14, ஞாயிறு

அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே அழித்தேன். குரல் பதிவுகள் எல்லாம், தேடல் எல்லாம். இனிமேல் சேர்வது தானாகப் போக 3, 18, 36 மாதம் என்று மூன்று கணக்கு காட்டியது. 3 போட்டேன். அவர் போனுக்குத் தனிக் கணக்கும் தொடங்கியாயிற்று. ஏழு வருஷம் முன்னால் செய்திருக்க வேண்டிய பத்து நிமிஷ வேலை.

“போயிருச்சா?”

“நம்ம கண்ணுக்குப் போயிருச்சு. அவுங்க கம்ப்யூட்டர்ல இருந்து முழுசாப் போக ரெண்டு மாசம் ஆகும்னு போட்ருக்கான். பத்திரத்துக்கு எடுத்து வச்ச காப்பியில ஆறு மாசம் வரைக்கும் கிடக்கலாம்.”

“சரி. உன் கடைப் பெட்டியிலருந்து?”

அந்த ஆறு ஜிப்பும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில்தான் இருந்தன. கடையில் என் தம்பியும் உட்காருவான், ஒத்தாசைக்கு வரும் பையனும் உட்காருவான்.

டிசம்பர் 15, திங்கள்

காலையில் முதல் வேலையாக ஜிப்பை நீக்கப் போனேன். வாடை கேட்ட ஒரே ஒரு பதிவை மட்டும் வீட்டுப் பென்டிரைவில் வைத்துக்கொண்டேன். அப்பாவிடம் கேட்டுத்தான்.

ஃபோல்டரில் கீழே தள்ளிக்கொண்டே போனால் முடியவே இல்லை. 1,864 கோப்புகள். பாதிக்கு மேல் ஆதார். மிச்சம் ரேஷன் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம், தடைக்கால நிவாரணத்துக்குக் கொடுத்த படகுச் சான்று, சாதிச் சான்று. பாம்பனிலிருந்து வந்தவர், அக்காள்மடத்துக்காரர், இறந்துபோனவர்கூட இருக்கிறார். இ-ஆதாருக்குக் கடவுச்சொல் உண்டுதான். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருஷமும். இந்த ஊரில் எனக்குத் தெரியாத பெயர் எது?

ஒருவரும் என்னிடம் ‘வைத்துக்கொள்’ என்று சொல்லவில்லை. ஒருவரும் ‘அழி’ என்றும் சொல்லவில்லை. பிரிண்ட் எடுத்தேன், காசு வாங்கினேன், அது கிடந்தது. முகவரியை நீக்காத அந்த நிறுவனத்துக்குக் காட்டமாக ஒரு மெயில் எழுதி வைத்திருந்தேன். அனுப்பவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 20, சனி

மூன்று ராத்திரி ஆனது. எல்லாம் அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டேன். இனி வேலை முடிந்ததும் ஆள் முன்னாலேயே நீக்கம். ஆதாரில் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைத்த பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். இதுவரை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

அப்பா ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு வந்தார். ஈசிஜி எடுத்தார்கள். பயப்படும்படி ஒன்றுமில்லை, பீடியை விடச் சொன்னார்கள். வரும் வழியில் உச்சிப்புளியில் டீ குடிக்க இறங்கினோம். அன்று ராத்திரி அம்மாவிடம் அவரே சொல்லிவிட்டார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். இதையெல்லாம் எழுதிப் போடட்டுமா என்று கேட்டேன். “போட்டுக்க. பேரு போடாத. வடையப் போடாத” என்றார். இரண்டாவதை மட்டும் மீறியிருக்கிறேன்.

2026 ஜனவரி 5, திங்கள்

கடல்பாசி எடுக்கப் போகும் ஒரு சித்தி வந்தது. ஏதோ குழுக் கடனுக்கு ஆதார் நகல் வேண்டும். கையை விரித்துக்கொண்டு நிற்கிறது.

“கொண்டு வரலையா சித்தி?”

“போன வருஷம் குடுத்தேன்ல தம்பி, உன் பெட்டியிலயே கிடக்கும். எடுத்துப் போடு.”

“அழிச்சிட்டேனே.”

“யாரக் கேட்டு அழிச்ச?”

பதில் சொல்வதற்குள், “இப்ப வீடு வரைக்கும் நடக்கணும், வெயிலு வேற” என்று திட்டிக்கொண்டே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டது. பதினொரு மணி. பைக்கில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தேன். பிரிண்ட் எடுத்து, அதன் கண் முன்னாலேயே கோப்பை நீக்கினேன்.

“திரும்பவும் அழிக்கிறான் பாரு” என்றது.