கழுத்துக் கட்டியும் கையில் இல்லாத காகிதமும்

கழுத்துக் கட்டியில் ஊசி குத்தி எடுத்த மாதிரி பரிசோதனைக்குப் போதவில்லை என்பதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ரிப்போட் வந்து ஆஸ்பத்திரியில் ஏதோ ஒரு கோப்புக்குள் கிடந்திருக்கிறது. நான் விசுவமடுவில் இருந்துகொண்டு, இவ்வளவு நாள் பிந்துகிறது என்றால் கொழும்புக்கு அனுப்பியிருப்பார்கள், கொழும்புக்கு அனுப்பினால் அது புற்றுநோய்தான் என்று எனக்குள்ளேயே தீர்ப்பு எழுதிக்கொண்டு, இரவிரவாகக் கழுத்தைத் தடவியபடி கிடந்தேன். எல்லாம் நல்லபடி முடிந்தும் அந்தக் கோபம் ஆறவில்லை. இனிப் போகிறவர்களாவது தெரிந்துகொண்டு போகட்டும் என்று எழுதுகிறேன்.

கட்டியைக் கண்டுபிடித்தது கனடாவில் இருக்கும் தங்கச்சி. மச்சாளின் மகளுடைய சாமத்திய வீட்டு வீடியோவைப் பார்த்துவிட்டுப் போன் எடுத்தாள். "அக்கா, நீங்கள் சோடா குடிக்கேக்க கழுத்தில ஒண்டு ஏறி இறங்குது, போய்க் காட்டுங்கோ" என்றாள். கண்ணாடிக்கு முன்னால் நின்று தண்ணீர் குடித்துப் பார்த்தேன். உண்மைதான், வலப்பக்கம் ஒன்று விழுங்கும்போது மேலே போய்க் கீழே வந்தது. நோவு இல்லை, குரலில் மாற்றம் இல்லை. தைரொயிட் சுரப்பியில் வரும் கட்டி அப்படித்தான் விழுங்கும்போது அசையும் என்று வெளிநோயாளர் பிரிவில் சொன்னார்கள். அங்கேயும் முதலில் ஒரு கப் தண்ணீர்தான் தந்தார்கள்.

இரத்தப் பரிசோதனை, சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குத் துண்டு, இதெல்லாம் கரைச்சல் இல்லாமல் நடந்தது. தைரொயிட்டின் வேலையைக் காட்டும் டி.எஸ்.எச். சரியான அளவில் இருந்தது. உடனே வீட்டில் எல்லோரும் "தைரொயிட் நோர்மல்தானே, பிறகென்ன பயம்" என்று ஆறுதல் அடைந்துவிட்டார்கள். அது அப்படி இல்லை. அந்தப் பரிசோதனை சுரப்பி எப்படி வேலை செய்கிறது என்றுதான் காட்டும். கட்டி எப்படிப்பட்டது என்று காட்டாது. தைரொயிட் புற்றுநோய் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கும் இந்த அளவு சரியாகவே இருக்குமாம். இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், ஆனால் இரத்த ரிப்போட்டைப் பார்த்துவிட்டு ஸ்கானுக்குப் போகாமல் விட்டுவிடவும் வேண்டாம்.

ஸ்கானுக்கு அரச ஆஸ்பத்திரியில் திகதி தூரத்தில் விழுந்ததால் வெளியே காசு கட்டி எடுத்தேன். அதில் எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. யுத்தத்தில் மாத்தளனில் பட்ட செல் (எறிகணை) துண்டு ஒன்று இன்னும் தோளில் இருக்கிறது. அதோடு ஸ்கான் மெசினுக்குள் போகலாமா என்று கேட்க வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். கழுத்துக்கு எடுப்பது ஒலி அலையால் எடுக்கும் ஸ்கான், இரும்பு இருந்தால் ஒன்றும் ஆகாது, எம்.ஆர்.ஐ. என்று எப்போதாவது எழுதினால்தான் முன்கூட்டியே கட்டாயம் சொல்ல வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கத்தில் உடம்புக்குள் துண்டோடு திரிகிறவர்கள் எத்தனையோ பேர். கேட்காமல் இருக்காதீர்கள்.

கட்டி 2.4 சென்ரிமீற்றர், உள்ளே பாதி நீர், ரைராட்ஸ் 4 என்று எழுதியிருந்தது. அந்த 4 என்ற எண்ணைப் பார்த்ததும் என் கணவருக்கு முகம் செத்துப்போனது. நாலாம் கட்டப் புற்றுநோய் என்று நினைத்துவிட்டார். பஸ்ஸில் பரந்தன் வரைக்கும் ஒரு சொல்லும் பேசவில்லை. இது புற்றுநோயின் கட்டம் இல்லை. ஸ்கானில் கட்டி எவ்வளவு சந்தேகமாகத் தெரிகிறது என்பதற்கு 1 முதல் 5 வரை போடும் எண். 4 என்றால் மிதமான சந்தேகம், கட்டி ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால் ஊசி குத்திப் பார்க்க வேண்டும் என்ற அளவுதான். அந்த நாலுக்கு விளக்கம் கிடைக்கும் வரைக்கும் எங்கள் வீட்டில் ஒழுங்காக அடுப்பெரியவில்லை. ரிப்போட்டைக் கையில் தருகிறவரிடமே "இந்த நம்பர் என்ன கருத்து?" என்று நின்று கேளுங்கள். சொல்லாவிட்டால் இரண்டாம் முறையும் கேளுங்கள்.

அடுத்தது கிளினிக். வைத்தியர் நல்ல மனுசன், ஆறுதலாகப் பார்த்தார். கழுத்தின் இரு பக்கமும் நெறிக்கட்டு இருக்கிறதா என்று தடவினார். சின்ன வயதில் கழுத்துக்குக் கதிர்ச் சிகிச்சை ஏதும் செய்ததா என்று கேட்டார். இல்லை. குடும்பத்தில் யாருக்காவது தைரொயிட் ஒபரேசன் நடந்ததா என்று கேட்டார். அங்கேதான் மாட்டினேன். அம்மாவுக்கு நடந்தது. எண்பதுகளில், யாழ்ப்பாணத்தில். கழுத்தில் சங்கிலி போட்டதுபோல் ஒரு தழும்பு இருந்தது, சின்னப்பிள்ளையில் அதைத் தடவிக்கொண்டுதான் நித்திரை கொள்வேன். எதற்காக வெட்டினார்கள்? புற்றுநோயா, வெறும் கழலையா? எனக்குத் தெரியாது. அம்மா இப்போது இல்லை. அவரது கிளினிக் கொப்பி, ஆஸ்பத்திரித் துண்டுகள், எங்கள் பிறப்புப் பத்திரங்கள் எல்லாம் ஒரு றங்குப்பெட்டியில் இருந்தன. 2009இல் இரணைப்பாலையில் பங்கருக்குள் அந்தப் பெட்டியை விட்டுவிட்டுத்தான் ஓடினோம்.

"காகிதம் இல்லையா?" என்று பக்கத்தில் நின்றவர் கேட்ட கேள்வி எனக்குச் சுட்டது. வன்னியில் யாரிடம் பழைய காகிதம் இருக்கிறது? வைத்தியர் அப்படிக் கேட்கவில்லை. "அந்த நேரம் கூட இருந்த ஆக்கள் யாராவது இருக்கினமா? விசாரிச்சுக்கொண்டு வாங்கோ" என்றார். வட்டக்கச்சியில் இருக்கும் சின்னம்மாவிடம் போனேன். எண்பதைத் தாண்டினாலும் அவருக்கு ஞாபகம் தெளிவு. "கொம்மாக்கு ஒரு பக்கம்தான் வெட்டினவை பிள்ளை. பிறகு ஒரு குளிசையும் போட்டதில்லை. கரண்ட் பிடிக்கவும் இல்லை" என்றார். கரண்ட் என்றது கதிர்ச் சிகிச்சையை. அதை அப்படியே ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டுபோய் வைத்தியரிடம் கொடுத்தேன். சுரப்பி முழுவதையும் எடுத்திருந்தால் ஆயுள் முழுக்கக் குளிசை போடாமல் இருந்திருக்க முடியாது, அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் சுகமாக இருந்திருக்கிறார் என்றால் அது அயடின் குறைவாலும் வரும் வெறும் கண்டக்கழலையாக இருந்திருக்கவே வாய்ப்புக் கூட என்றார். அந்தக் காலத்தில் உப்பில் அயடின் சேர்க்கவேண்டும் என்ற சட்டமும் இல்லை, இலங்கையில் அது 1995இல்தான் கட்டாயமானது என்றும் சொன்னார். சின்னம்மா சொன்னதை என் கோப்பில் எழுதிக்கொண்டார். காகிதம் தொலைந்தவர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். எந்த உறுப்பு, எந்த வருடம், பிறகு என்ன மருந்து. இவ்வளவும் போதும்.

ஊசிப் பரிசோதனைக்குப் போன முதல் நாள் குத்தவே இல்லை. கடிதத்தில் வைத்திய நிபுணரின் சீல் இல்லையாம். கையெழுத்து இருக்கிறது, பெயர் இருக்கிறது, சீல் இல்லை. "சீல் அடிச்சுக்கொண்டு வாங்கோ அம்மா" என்று கிளாக்கர் நிமிர்ந்தும் பார்க்காமல் சொன்னார். விடியப்புற பஸ்ஸில் வெறும் தேத்தண்ணியோடு வந்தவள் நான். சீல் அடிக்க வேண்டிய கிளினிக் அன்றைக்கு இல்லை. திரும்பி வரும் வழியில் தர்மபுரத்தில் பஸ் நிற்கும்போது அழுகை வந்துவிட்டது. கடிதம் கையில் கிடைத்தவுடனேயே, அந்த மேசையை விட்டு எழும்ப முன்னம், கையெழுத்து, திகதி, சீல் மூன்றையும் பாருங்கள். இரண்டு பிரதி எடுத்து வையுங்கள்.

ஊசி பயப்படும்படி இல்லை. இரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லிசு. விழுங்காமல், கதைக்காமல் கொஞ்ச நேரம் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். அஸ்பிரின் மாதிரி இரத்தத்தை இளக்கும் குளிசை போடுகிறவர்கள் முதலே சொல்ல வேண்டும். கையால் கட்டியைப் பிடித்துக்கொண்டு குத்தினார்கள், கபில நிறத்தில் நீர் வந்தது. "ரிப்போட் வந்தால் அறிவிப்பம்" என்றார்கள்.

அதற்குப் பிறகு வந்த காலத்தைத்தான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மாதம் கடந்தது. அறிவிப்பு இல்லை. போன் எடுத்தால் ஒரு பகுதியில் இருந்து இன்னொரு பகுதிக்கு மாற்றுவார்கள், பிறகு லைன் வெட்டுப்படும். கச்சான் பிடுங்கும் காலம் என்றபடியால் பகல் எப்படியோ போனது. இரவு போகாது. மகள் ஏ.எல். எடுக்கிற வருடம், அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் இல்லாமல் போனால் இவள் யாரிடம் நிற்பாள் என்ற யோசனைதான் விடிய விடிய. அயலில் இருந்து ஆளுக்கொரு மருந்து வந்தது. கோவா சாப்பிடாதே, முள்ளுச்சீத்தா இலை அவித்துக் குடி, ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும், ஏன் குத்தவிட்டாய் என்று. அந்தக் கடைசிக் கதைதான் என்னைக் கொன்றது. வைத்தியரிடம் அதையும் கேட்டேன். அந்தப் பயத்தில் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து, ஊசியால் பரவும் என்று பயப்படத் தேவையில்லை என்று அடித்துச் சொன்னார். தைரொயிட்டில் வரும் கட்டிகள் நூறில் தொண்ணூறுக்கு மேல் புற்றுநோய் இல்லை என்பதையும் அவர்தான் சொன்னார். பகலில் அந்தக் கணக்கு எனக்கு விளங்கும். இரவில் மிச்சப் பத்தில் நான்தான் இருப்பேன்.

என்னைத் தூக்கி நிறுத்தியது முள்ளியவளையில் இருக்கும் ஒரு அக்கா. மச்சாள் மூலம் அறிமுகம். அவருக்குப் பப்பிலறி என்ற வகைத் தைரொயிட் புற்றுநோய் உண்மையாகவே வந்து, சுரப்பி முழுவதையும் எடுத்து, மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கதிர் அயடின் குடித்து, சில நாள் தனி அறையில் இருந்து வந்தவர். நான் போகும்போது அவர் வயலில் நின்றார். கையைக் கழுவிக்கொண்டு வந்து தேத்தண்ணி போட்டுத் தந்தார். காலையில் வெறும் வயிற்றில் தைரொக்சின் குளிசை, அரை மணித்தியாலம் கழித்துத்தான் தேத்தண்ணி, இடைக்கிடை இரத்தம் குத்திப் பார்ப்பது, இவைதான் இப்போது அவருடைய வருத்தம். தைரொயிட் புற்றுநோய்களில் கூடுதலாக வருவது இந்த வகைதான், நேரத்துக்குப் பிடித்தால் சுகப்படுத்தக்கூடியது. இதெல்லாம் ஏற்கெனவே கேட்டதுதான், ஆனால் மண்வெட்டியோடு முன்னால் நிற்கிறவர் சொல்லும்போதுதான் எனக்கு ஏறியது. "வந்தால் என்ன செய்யிறது எண்டு உமக்கு இப்ப தெரியும். வராட்டில் சந்தோசம். ரிப்போட்டை நீர்தான் போய் எடுக்க வேணும், அவை தரமாட்டினம்" என்றார். அன்றிரவு நித்திரை கொண்டேன்.

அடுத்த நாளே போனேன். ஒவ்வொரு மேசையாக அனுப்பினார்கள். கடைசியில் ஒரு மிஸி (தாதி) மனமிரங்கி, தன் வேலையை விட்டுவிட்டு ஆய்வுகூடத்துக்குப் போய்க் கொப்பியைப் புரட்டினார். என் பெயர் இருந்தது. ரிப்போட் எப்போதோ வந்துவிட்டது. பெதஸ்டா என்பது ஊசிப் பரிசோதனை முடிவுக்குப் போடும் எண். "பெதஸ்டா 1, கலங்கள் போதாது. திரும்ப எடுக்க வேணும் அக்கா. இது புற்றுநோய் எண்டு அர்த்தமில்லை" என்றார். பத்துப் பேருக்கு எடுத்தால் ஒன்றிரண்டு பேருக்கு இப்படி ஆகுமாம், நீர் உள்ள கட்டியில் இன்னும் கூடவாம். சரி, அதில் யாருக்கும் குற்றமில்லை. ஆனால் அந்த ஒரு வரியை எனக்குச் சொல்ல ஒரு போன் போதும். என் நம்பர் கோப்பின் வெளி மட்டையிலேயே இருந்தது.

இரண்டாம் முறை ஸ்கான் பார்த்துக்கொண்டே குத்தும்படி கேட்டேன். கேட்டதால்தான் கிடைத்தது. திரையில் பார்த்து, நீரை விட்டுவிட்டு, கட்டியான பகுதியில் குத்தினார்கள். உங்கள் கட்டியில் நீர் இருக்கிறது என்று ஸ்கானில் எழுதியிருந்தால் முதல் தடவையே இப்படிக் கேளுங்கள். வெளியே வரும்போது ஆய்வுகூடத்துப் பதிவு இலக்கத்தையும் எழுதி வாங்கினேன். அந்த இலக்கம் இருந்தால் பெயர் தேடி ஒருவரும் அலையத் தேவையில்லை. குறித்த நாளில் நானே போய் நின்றேன், யாருடைய அறிவிப்பையும் பார்த்திருக்கவில்லை.

பெதஸ்டா 2. சாதாரணக் கட்டி, புற்றுநோய் இல்லை. வாசலிலேயே இவருக்குப் போன் எடுத்தேன். மறுபக்கம் சத்தமே இல்லை, பிறகு மூக்கைச் சீறும் சத்தம் கேட்டது. மகளுக்கு அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னோம். ஏன் மறைத்தீர்கள் என்று இரண்டு நாள் என்னோடு கோபம். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போய் நேர்த்தியும் முடித்தாயிற்று.

கட்டி அப்படியே இருக்கிறது. வெட்டத் தேவையில்லை, ஒரு வருடத்தில் திரும்ப ஸ்கான். அதற்குள் குரல் கரகரத்தால், விழுங்கக் கஷ்டமாக இருந்தால், மூச்சு இழுத்தால், கட்டி திடீரென்று பெருத்தால் கிளினிக் நாள் பார்க்காமல் போக வேண்டும். எல்லாக் காகிதத்தையும் மகள் படம் பிடித்துத் தன் போனிலும் கனடாவில் சித்தியின் போனிலும் வைத்திருக்கிறாள். பணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டிருக்கிறேன். மாதிரி போதாது என்று ரிப்போட் வந்தால் அன்றைக்கே நோயாளிக்குப் போன் எடுக்க ஒருவரைப் பொறுப்பாகப் போடுங்கள் என்று மட்டும்தான் கேட்டேன். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது நேரில் கேட்பேன்.