மணற்காட்டில் நடக்கப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்து வடமராட்சியில், வல்லிபுரத்தில் இருந்து மணற்காட்டுக்கு வரைபடத்தில் அளந்தால் 5, 6 கிலோமீற்றர்தான் வரும். "ஒரு மணித்தியாலம் போதும்" என்று கணக்குப் போட்டுக்கொண்டு போகிறவர்கள்தான் பதினொரு மணி வெயிலில் மண்கும்பி என்கிற மணல்மேடுகளுக்கு நடுவில் நிற்பவர்கள். காய்ந்த மணலில் கால் வைத்தால் அரைவாசி பின்னுக்கு வழுக்கும். றோட்டில் செலவாகும் சக்தியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் செலவாகும். தோள்பையோடு எட்டுப்பேர் நடக்கும்போது மணிக்கு 2 கிலோமீற்றர் என்று வையுங்கள். மிச்ச நேரம் வந்தால் லாபம்.

இந்த இடத்தைப் பாலைவனம் என்று சொல்லிப் படம் போடுகிறார்கள். ஆண்டுக்கு 1200 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிற இடம் பாலைவனம் ஆகாது. ஆனால் பங்குனி வெயிலில் சுடுகிற மணலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. போவதற்கு நல்ல காலம் தை கடைசியில் இருந்து மாசி வரைக்கும். மாரி மழையில் இறுகிய மணல் அப்போது இன்னும் பொலபொலக்கத் தொடங்கியிருக்காது. சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று பிறந்துவிட்டால் மணல் எழும்பிக் கண்ணுக்குள்ளும் சோற்றுக்குள்ளும் விழும். ஐப்பசி, கார்த்திகை பற்றிச் சொல்லவே தேவையில்லை.

புறப்படுவதற்கு வல்லிபுர ஆழ்வார் கோயில் வீதிதான் தோதான இடம். பருத்தித்துறையில் இருந்து ஓட்டோவில் வெள்ளெனவே வந்துவிடலாம். கோயிலுக்குள்ளே போவதென்றால் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். புரட்டாசித் திருவிழா நாட்களில் நடைப்பயணத்தை வைக்காதீர்கள், சனத்துக்குள் கூட்டம் சிதறிவிடும்.

வல்லிபுரத்தின் பழமை கோயிலோடு முடிவதில்லை. இங்கே 1936இல் ஒரு பழைய கட்டடத்தின் அடியில் கிடைத்த பொன்னேட்டில், அனுராதபுரத்து வசப மன்னன் காலத்தில் இசிகிரய என்ற அமைச்சன் நாகதீவை, அதாவது இன்றைய யாழ்ப்பாணப் பகுதியை, ஆண்டபோது ஒரு விகாரை கட்டப்பட்ட செய்தி பிராமி எழுத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 1900 வருஷத்துக்கு முந்திய சேதி. இங்கே கிடைத்த புத்தர் சிலை ஒன்றை 1906இல் அப்போதைய ஆளுநர் பிளேக் சியாம் மன்னருக்குக் கொடுத்துவிட்டார். மிஞ்சியது மண்ணுக்குள் கிடக்கிறது. மழை கழுவிய மண்ணில் பழைய பானையோடுகள் தலைகாட்டும். உட்பக்கம் கறுப்பாகவும் வெளிப்பக்கம் சிவப்பாகவும் ஓர் ஓடு கண்டால் நின்று பாருங்கள். பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் காற்றுப் படாத உட்பக்கம் கறுத்தது, காற்றுப்பட்ட வெளிப்பக்கம் சிவந்தது. பாருங்கள், படம் எடுங்கள், கையில் எடுக்காதீர்கள். தொல்பொருட்களை எடுத்துப் போவது 1940ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதை விடுங்கள், கிடந்த இடத்தை விட்டுப் பெயர்ந்த ஓடு வெறும் ஓடுதான், அதை வைத்து யாரும் எதையும் சொல்ல முடியாது.

இனித் தண்ணீர். இந்த நடையில் எல்லாம் பிழைக்கிற இடம் இதுதான். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லீற்றர். எட்டுப்பேருக்கு 32 லீற்றர், அதாவது 32 கிலோ. அதை முதுகில் சுமந்துகொண்டு மணலில் ஏறினால், சுமக்கிறதுக்கே தண்ணீர் போதாது. ஆளுக்கு 2 லீற்றர் மட்டும் கொண்டுபோங்கள். மிச்சத்தை ஓர் ஓட்டோக்காரரிடம் கொடுத்து மணற்காட்டுச் சந்தியில் இறக்கச் சொல்லுங்கள். கடற்கரைக்குச் சமாந்தரமாக றோட்டு ஓடுவதால் இது பெரிய காரியமில்லை. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புச்சீனித் தூளான ஜீவனி பைக்கற்று நாலு வைத்திருங்கள். இல்லாவிட்டால் ஒரு லீற்றரில் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, மட்டமாக அளந்து.

மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர் இருக்கிறது என்பது உண்மை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, உவர்நீருக்கு மேலே கனம் குறைந்த படையாக மிதக்கிறது. நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும். பூவல் என்கிற மணல் ஊற்றுக்குழி தோண்டுகிறவர்கள் ஆழமாகத் தோண்டாததன் இரகசியம் இதுதான். ஆழமாக வெட்டி, அவசரமாக அள்ளினால் அடியில் இருக்கும் உவர் மேலே ஏறிவிடும். சிரட்டையால் மேல்தண்ணீரை மட்டும் மெல்ல அள்ளி, ஊற விட்டு, மறுபடி அள்ள வேண்டும். கொதிக்க வைக்காமல் குடிக்கக்கூடாது. பூவல், கிணறு பக்கத்தில் மலசலம் கழிக்கவும் கூடாது. மணல் எதையும் வடிகட்டிவிடும் என்று நம்பாதீர்கள்.

சாப்பாட்டில் தேங்காய்ப்பால் விட்ட கறி மத்தியானத்துக்குள் புளித்துவிடும். நல்லெண்ணெய் விட்ட புளிச்சாதம், பொரிவிளாங்காய், பயத்தம் பணியாரம், வாழைப்பழம் போதும். அடுப்பு வேண்டாம். நிழலுக்கு இருப்பது சவுக்கங்காடுதான், கீழே கிடக்கும் சருகு ஒரு பொறிக்கே பற்றிவிடும்.

நடக்கும்போது கும்பியின் காற்றடிக்கும் பக்கம் சாய்வு குறைவு, மணல் இறுக்கம். மறுபக்கம் செங்குத்து, முழங்கால் வரை புதையும். ஏறுவதற்கு முதலாவது பக்கத்தையும், போவதற்கு முகட்டையும் எடுங்கள். கடலோரத்து ஈரமணல் இன்னும் சுகம், ஆனால் அது கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு காலே எப்போதும் பள்ளத்தில் இருக்கும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அதிலேயே நடந்தால் இடுப்பும் முழங்காலும் பிடித்துக்கொள்ளும். வலைத்துணிச் சப்பாத்துக்குள் மணல் புகுந்து கொப்பளம் போடும். பழைய காலுறையின் பாதத்தை வெட்டி, குழாயைச் சப்பாத்தின் வாயை மூடி இழுத்துவிட்டால் பாதி மணல் நிற்கும். இராவணன் மீசை என்கிற ஊசிப்புல் பற்றைக்குள் செருப்போடு இறங்காதீர்கள், அதன் ஊசி காற்சட்டைத் துணியையும் துளைக்கும். அடம்பன் கொடி படர்ந்த இடம் உறுதியானது. திரண்டால் மிடுக்கு என்ற பழமொழி கூட்டத்தைப் பற்றியது, ஆனாலும் கொடியை மிதித்து அறுக்காதீர்கள். கும்பியைப் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர், இருவரிடமும் விசில். காற்றில் குரல் கேளாது, ஒரு கும்பி மறைத்தால் ஆளும் தெரியாது. பிரிந்தவர் அலைச்சத்தம் கேட்கும் பக்கம் போய்க் கரையில் நிற்க வேண்டும், தேடித் திரியக்கூடாது. மணல் அள்ளிய பள்ளங்கள் சில இடங்களில் செங்குத்தாக இருக்கும், விளிம்பில் நிற்க வேண்டாம்.

மணற்காட்டில் பழைய அந்தோனியார் கோயிலின் கூரையில்லாச் சுவர்கள் மணலுக்குள் நிற்கின்றன. சுவரில் ஏறிப் படம் எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், உதிர்கிற சுண்ணாம்பைத் திரும்பப் பூச ஆளில்லை. கரைவலை இழுக்கும் நேரமானால் கயிற்றைத் தாண்டாமல் மேட்டுப் பக்கமாகச் சுற்றிப் போங்கள். மீனவர்களின் வாடிக்குள், அதாவது கரைக் குடிசைக்குள், நிழலுக்கு ஒதுங்குவதானால் கேட்டுவிட்டு ஒதுங்குங்கள். குளிப்பதற்கும் அவர்களிடம் கேளுங்கள், கடல் இழுப்பு எங்கே என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

பதினொன்றில் இருந்து மூன்று வரை சவுக்கு நிழலில் கிடந்துவிட்டு, குடத்தனை தாண்டி அம்பனில் முடிப்பதே எட்டுப்பேருக்கு அளவான நடை. நாகர்கோவில் வரை இழுக்க ஆசைப்படுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அங்கே போர்க்காலத்தில் முன்னரங்கு வரிசை இருந்தது. மிதிவெடி அகற்றிய நிலத்திலும், மழைக்கும் காற்றுக்கும் இடம் பெயரும் மணலில் எது மேலே வரும் என்று சொல்ல முடியாது. மண்டையோட்டுப் பலகை, சிவப்புக் கம்பு கண்டால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். இரும்பாக எது கிடந்தாலும் தொடாமல், கிராம அலுவலரிடமோ பொலிசிடமோ இடத்தைச் சொல்லுங்கள். அப்பகுதியில் றோட்டாலேயே நடப்பது அவமானம் இல்லை.

அடையாள அட்டை எல்லோரிடமும் இருக்கட்டும். அம்பனில் கடைசி பஸ் எப்போது என்பதைக் காலையிலேயே கேட்டு வையுங்கள். ஏறுவதற்கு முன் சப்பாத்தைக் கழற்றித் தட்டிவிடுங்கள், கொண்டக்டர் மணலுக்கும் சேர்த்து முறைப்பார்.